ராத்திரி நமக்குப் புதுசா?

இரண்டு இதழ்களுக்கு முன் கேள்வி-பதில் பக்கத்தில், மல்லாட்டையில் இலைப்புள்ளி, கறவை மாட்டுக்கு மடிவீக்கம் என்ற கேள்விகளுக்கு நடுவே ஓர் அம்மாவின் கேள்வி வந்திருந்தது. மகளுக்குச் சென்னையில் ராத்திரி ஷிப்டில் வேலை கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தார். அனுபவம் உள்ள வாசகர்கள் எழுதலாம் என்று ஆசிரியர் விட்டிருந்தார். எனக்கு அந்த அனுபவம் மூன்று வருடமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். மூன்று ஏக்கர் நிலம். நெல், மல்லாட்டை, கோடையில் தர்பூசணி. நான் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. சாயங்காலம் ஐந்தரைக்கு உட்கார்ந்தால் விடியற்காலை இரண்டரைக்கு எழுந்திருப்பேன். கம்பெனி வேன் வாசலில் கொண்டுவந்து விடும். சனி, ஞாயிறு விடுமுறை. ஆனால் உடம்பு பழகிவிட்டதால் விடுமுறை நாளிலும் ராத்திரி தூக்கம் வராது. அதனால் எங்கள் ஊர்சுற்றல் எல்லாம் ராத்திரியில்தான்.

அரும்பாக்கத்தில் நாலு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஒருத்தியை ஒருத்தி ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். தேனி, அறந்தாங்கி, சங்கரன்கோவில். நான் திண்டிவனம். நாலு பேர் வீட்டிலும் விவசாயம்தான். தேனி வீட்டில் வாழை, அறந்தாங்கி வீட்டில் கண்மாய்ப் பாசன நெல், சங்கரன்கோவில் வீட்டில் எலுமிச்சை.

நாங்கள் எங்கே போகிறோம்?

ஊரில் கேட்டால் 'பட்டணத்துல ராத்திரி சுத்துதுங்க' என்பார்கள். அந்தச் சுற்றல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை இரண்டாம் ஆட்டம் சினிமா. மெரினாவில் சுண்டல், மாங்காய். பத்து மணிக்கு மேல் போலீஸ்காரர்கள் விசில் ஊதி மணலிலிருந்து எழுப்பிவிடுவார்கள். அப்புறம் பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு நடை. சௌகார்பேட்டை மின்ட் தெருவில் சூடான ஜிலேபியும் பாலும். கையில் காசு குறைந்த மாதக் கடைசியில், சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருகிற அண்ணனிடம் ஆளுக்கொரு டீ வாங்கிக் குடித்தபடி வாசல் படியில் உட்கார்ந்து ஊர்க்கதை.

எங்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் கோயம்பேடு மார்க்கெட். எங்கள் வீட்டிலிருந்து பக்கம். பகலில் லாரிகள் நகருக்குள் வர நேரக் கட்டுப்பாடு உண்டு. அதனால் மார்க்கெட் உயிர் பெறுவதே நள்ளிரவுக்குப் பிறகுதான். கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தும் தக்காளி, நாசிக் வெங்காயம், ஊட்டி கேரட், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். முன்பு இந்த வியாபாரம் ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடியில் நடந்தது. இடம் போதாமல் 1996இல் கோயம்பேட்டுக்கு வந்தது. என் தாத்தா கொத்தவால் சாவடிக்கு மாட்டு வண்டியில் வாழை இலை ஏற்றிப் போன கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி அதே வியாபாரம் நடக்கிற இடத்தில் ராத்திரி ஒரு மணிக்கு டீ குடிப்பாள் என்று அவருக்குத் தெரியாது.

அங்கே போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். அந்த நேரத்தில் அங்கே நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். பூக்கடையில் சரம் கட்டுகிறவர்கள், கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து அடுக்குகிறவர்கள், சிந்திய வெங்காயத்தைப் பொறுக்கித் தரம் பிரித்து விற்கிற பாட்டிகள். 'எந்த ஊரு பாட்டி?' என்று கேட்டால் செஞ்சி, வந்தவாசி, திருக்கோவிலூர் என்று நம்ம பக்கத்து ஊர்ப் பெயராகவே வரும்.

பட்ட பாடுகள்

எல்லாம் ஜாலியாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பட்ட பாடுகளையும் சொல்கிறேன்.

ஒரு முறை பெசன்ட் நகரிலிருந்து திரும்பக் கிளம்பியபோது மெட்ரோ நின்றுவிட்டது. மெட்ரோ ராத்திரி பதினோரு மணியோடு சரி. நாலு பேரில் மூன்று பேர் போனில் சார்ஜ் இல்லை. நாலாவது போனில் நெட் இல்லை. ஆட்டோக்காரர் கேட்ட தொகைக்கு நாலு நாள் சாப்பிடலாம். கையில் ரொக்கமாக இருந்தது நாற்பது ரூபாய். கடைசியில் ஒரு ராத்திரிப் பேருந்து வந்தது, பாதி தூரம் அதில் வந்தோம், மீதி தூரம் நடந்தோம். அன்றிலிருந்து நாலு பேரும் போன் உறைக்குள் ஓர் இருநூறு ரூபாய்த் தாள் மடித்து வைத்திருக்கிறோம். அது செலவுக்கு இல்லை, வீடு வந்து சேர்வதற்கு.

இன்னொரு முறை கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே. மணி ஒன்று. வீட்டுக்காரரை எழுப்பினால் 'இந்த நேரத்துக்கு எங்கிருந்து வர்றீங்க?' என்பதில் ஆரம்பித்து வாடகை உயர்வில் முடியும் என்று தெரியும். மாடிப் படியில் வரிசையாக உட்கார்ந்தோம். பால் வண்டி வந்தபோதுதான் கீழ் வீட்டுக் கதவு திறந்தது. சங்கரன்கோவில் அதற்குள் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரம்மா மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் சென்னைக்கு வந்து ஆறு மாதம். இரண்டு நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். ஊரில் அம்மா தொலைக்காட்சியில் வெள்ளத்தைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறார். இங்கே நாங்கள் மொட்டை மாடியில் அண்டா வைத்து மழைத் தண்ணீர் பிடித்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அறந்தாங்கி கொண்டுவந்த அரிசியில் கஞ்சி காய்ச்சினோம். கிராமத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கரண்ட் இல்லாத ராத்திரி ஒன்றும் புதிதில்லை. தெருவில் சாக்கடை மூடி எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாததுதான் பயமாக இருந்தது. தண்ணீர் வடியும்வரை யாரும் இறங்கவில்லை.

அறந்தாங்கியைத் தெரு முனையில் நாய் கடித்தது. கெண்டைக்கால் சதை கிழிந்துவிட்டது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊரிலும் இது நடக்கிறது. கடித்த உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினோம். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் ராத்திரியிலும் ஊசி போட்டார்கள், இலவசம்தான். அந்த நாளிலிருந்து 3, 7, 28 ஆகிய நாட்களில் மறுபடியும் ஊசி. காயம் ஆழமாக இருந்ததால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போட்டார்கள். 'நாய் நல்லாத்தான் இருக்குது, ஒண்ணும் ஆகாது' என்று சொல்லி ஊசியை நடுவில் விடக் கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை.

சங்கரன்கோவிலின் போனை பஸ் ஸ்டாப்பில் பைக்கில் வந்தவர்கள் பறித்துக்கொண்டு போனார்கள். அன்று அரை மணி நேரத்துக்குள் என் போனிலிருந்து மூன்று வேலைகள் செய்தோம். சிம் கம்பெனிக்குப் போன் செய்து சிம்மை நிறுத்தினோம். வங்கிக்குச் சொல்லிக் கணக்கையும் பணம் அனுப்பும் செயலியையும் முடக்கினோம். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். அந்த ரசீதையும் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் வைத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்தப் போனையே முடக்கலாம். வேறு சிம் போட்டாலும் அது வேலை செய்யாது. ஐ.எம்.இ.ஐ. எண் தெரிய, போனில் *#06# என்று அழுத்தினால் போதும். உங்கள் போனிலும் இப்போதே அழுத்தி, ரேஷன் கார்டு உறையின் மேல் எழுதி வையுங்கள். திருடு போன பிறகு அழுத்த முடியாது.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. சினிமா முடிந்து நானும் தேனியும் வரும்போது, பைக்கில் இரண்டு பேர் மெதுவாகப் பின்னாலேயே வந்தார்கள். நாங்கள் நின்றால் நின்றார்கள். வீட்டுத் தெருவுக்குள் திரும்பவில்லை, வீடு எது என்று காட்டிக்கொடுக்கக் கூடாது. வெளிச்சமாக இருந்த மெடிக்கல் கடைக்குள் போய்விட்டோம். கடை அண்ணனிடம் சொன்னதும் அவர் வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு அந்த பைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். போய்விட்டார்கள். நம்ம மாநிலத்தில் 2019இலிருந்து பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகள் நாள் முழுவதும் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. அது வியாபாரிகளுக்கான சலுகை என்று நினைத்திருந்தேன். ராத்திரியில் நடக்கிற பெண்ணுக்குத் திறந்திருக்கிற ஒரு கடை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஊர் வாய்

இரண்டாவது வருடம் ஆடி மாதம் கூழ் வார்க்க ஊருக்குப் போயிருந்தேன். மாரியம்மன் கோயில் வாசலில் உறவுக்கார அத்தை ஒருவர், நாலு பேர் காதில் விழும்படி, 'பொண்ணு விடிஞ்ச பிறகுதான் வீட்டுக்கு வருதாமே' என்றார். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. 'சம்பளம் வேணாம்டி, வந்துடு. பக்கத்துலயே துணிக்கடையில வேல பாரு' என்றார்.

என் சம்பளம் அப்போது 22,000. மாதம் 8,000 ஊருக்கு அனுப்புகிறேன். சொட்டுநீர்க் குழாய் மாற்றியது அதில்தான். கூட்டுறவு வங்கியில் அடகில் இருந்த அம்மாவின் சங்கிலியை மீட்டதும் அதில்தான். அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டுதான் அம்மா 'வந்துடு' என்று சொன்னார். நான் பதில் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. அவன் கல்லூரிச் செலவு வாசலில் வந்து நின்றது. பொங்கல் வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் மாப்பிள்ளை அமைந்தால் பேசி முடித்துவிடலாம் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். பொங்கல் போனது, மாசி போனது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு போனிலும் 'எப்படி வர்ற?' என்று கேட்பார். நான் கம்பெனி வேன் என்பேன். 'வேன்ல யாரெல்லாம் வருவாங்க?' என்பார். அம்மாவைக் குறை சொல்லவில்லை. பார்க்காத இடத்தைப் பற்றிய பயத்துக்குப் பேச்சால் மருந்து இல்லை.

அந்த ஏப்ரல் லோடு

2025 கோடை உங்களில் தர்பூசணி போட்டவர்களுக்கு மறக்காது. அறுவடை உச்சத்தில் இருந்தபோது, பழத்துக்குச் சாயம் ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சு பரவியது. பழத்தைக் காகிதத்தால் துடைத்துச் சிவப்பு ஒட்டுகிறதா என்று பார்க்கிற வீடியோக்கள் எல்லார் போனிலும் வந்தன. ஒரே வாரத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. விவசாயிகள் போராடினார்கள், விளக்கங்களும் வந்தன. ஆனால் கொடியில் பழுத்த பழம் விளக்கம் வரும்வரை காத்திருக்காது.

நாங்கள் ஓர் ஏக்கர் போட்டிருந்தோம். தை மாதம் ஊன்றியது. மல்ச்சிங் ஷீட், சொட்டுநீர், வீரிய விதை என்று அறுபதாயிரத்துக்கு மேல் இறங்கியிருந்தது. பதினைந்து டன் வரும் என்ற கணக்கு. டன் 12,000 என்று பேசி முன்பணம் கொடுத்த வியாபாரி போனை எடுக்கவில்லை. அடுத்து வந்தவர் 3,000 என்றார். அப்பா ஒரு முடிவெடுத்தார். ஆறு டன்னை ஈச்சர் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சித்தப்பாவோடு கோயம்பேட்டுக்கே கிளம்பிவிட்டார். சனிக்கிழமை ராத்திரி. ஆத்தூர், பரனூர் டோல்கேட் இரண்டும் தாண்டியதும் எனக்குப் போன் வந்தது. 'பாப்பா, நீ முழிச்சிருப்பியே, அதான் கூப்ட்டேன்' என்றார். நாலு பேரும் கிளம்பினோம்.

மணி ஒன்றேகால். பழ மார்க்கெட் வாசலில் அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, 'நடந்தா வந்தீங்க?' 'ஆமாம்பா, பக்கம்தான்.' சுற்றிப் பார்த்தார். டீக்கடையில் கூட்டம், மூட்டை தூக்குகிறவர்களின் சத்தம், பூக்கடை விளக்கு, கீரைக்கட்டு அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள். 'என்னா இது, திருவிழா மாதிரி இருக்குது' என்றார்.

வியாபாரம் திருவிழா மாதிரி இல்லை. ஏற்கெனவே வந்த வண்டிகளே பிரிக்காமல் நின்றன. மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடைக்காரர் நாலு டன்னை மட்டும் கிலோ 4 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். அவர் கையில் போன வாரப் பழமே கிடந்தது. 16,000க்குச் சீட்டு எழுதி, கமிஷன் 1,600, இறக்குக் கூலி 1,200 பிடித்துக்கொண்டு 13,200 கொடுத்தார். மீதி இரண்டு டன் வண்டியிலேயே கிடந்தது. அப்பா சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார். எதுவும் பேசவில்லை.

தேனிதான் ஆரம்பித்தாள். 'நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானேப்பா. எல்லாரும் வீட்லதான் இருப்பாங்க. நம்ம தெருவுலயே போட்டு வித்துருவோம்.' அவளுக்கு அங்கே குட்டி யானை ஓட்டுகிற ஓர் அண்ணனைத் தெரியும், எங்கள் டீக்கடைப் பழக்கம்தான். நாள் வாடகை 2,000 என்று பேசினோம். விடிவதற்குள் பழத்தை மாற்றி ஏற்றினோம். ஆறு பேர் வரிசையாக நின்று கை மாற்றினோம். நாலு பெண்களும் பழத்தைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு சித்தப்பா, 'இதுங்களுக்குச் சொல்லிக் குடுக்க வேணாம்' என்றார்.

காலை ஏழு மணிக்கு எங்கள் தெரு முனையில் வண்டி நின்றது. கிலோ 10 ரூபாய் என்று அட்டையில் எழுதி மாட்டினோம். முதல் ஒரு மணி நேரம் யாரும் வாங்கவில்லை. பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா மட்டும் கையில் வெள்ளைக் காகிதத்தோடு வந்தார். அப்பா ஒரு பழத்தைப் பிளந்து அவர் முன்னால் நீட்டினார். 'தேய்ச்சுப் பாருங்கம்மா. தக்காளியத் தேய்ச்சாலும் கொஞ்சம் செவப்பு ஒட்டும், அதுல இருக்குற சத்துதான் இதுலயும் இருக்குது. ஊசி குத்தினா அந்த ஓட்ட வழியாவே பழம் அழுவிடும். அழுவுன பழத்த எந்த வியாபாரி வாங்குவான்? ஒரு டன்னுக்கு எத்தன பழம், அத்தனைக்கும் ஊசி குத்த எவ்ளோ கூலி, நீங்களே கணக்குப் போடுங்க' என்றார். சொல்லிவிட்டு ஒரு கீற்றை அவரே சாப்பிட்டார், அடுத்ததை எனக்குக் கொடுத்தார். அந்த அம்மா தேய்த்தும் பார்த்தார், இரண்டு பழமும் வாங்கினார்.

ஒன்பது மணிக்கு மேல் வியாபாரம் பிடித்துக்கொண்டது. எங்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்ட வீட்டுக்காரம்மா வந்து, 'உங்கப்பாவா?' என்று கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்குப் போன் போட்டார். மெடிக்கல் கடை அண்ணன் மூன்று பழம் வாங்கினார். சைக்கிள் டீ அண்ணன் அப்பாவிடம் காசு வாங்க மாட்டேன் என்றார். மத்தியானம் மூன்று மணிக்குள் அடிபட்டது, வெட்டிக் காட்டியது போக 1,700 கிலோ விற்றது. 17,000 ரூபாய்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பத்திரிகை வாசகர்கள் அதைக் கேட்பார்கள். மார்க்கெட்டில் 13,200, தெருவில் 17,000. லாரி வாடகை டோலோடு 8,500, குட்டி யானை 2,000. மிஞ்சியது 19,700. ஆறு டன் விளைவிக்க ஆன செலவே இருபத்து நாலாயிரம் வரும். லாபம் இல்லை, ஆனால் கை முழுக்கச் சுடவில்லை. வயலில் கிடந்த ஒன்பது டன்னில் பாதி கிலோ இரண்டு ரூபாய்க்குப் போனது, மீதி மாடு தின்றது.

கிளம்பும்போது அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என் தோழிகளைப் பார்த்து, 'நாலு பேரும் ஒண்ணாவே இருங்கம்மா' என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஊருக்குப் போனதும் அத்தை வீட்டுக்குத் தானே நடந்துபோய் ஒரு பழம் கொடுத்துவிட்டு வந்தாராம். பேசியதைத் தம்பி எனக்குச் சொன்னான். 'கரண்டு ராத்திரி பன்னெண்டுக்கு விடறான், நானும் உன் தம்பியும் மோட்டார் போட டார்ச் எடுத்துக்கிட்டுப் போறோம். பன்னி வருதுன்னு மல்லாட்டக் கொல்லையில உன் மருமவ காவலுக்குப் படுக்குறா. மல்லி பறிக்கிற பொம்பளைங்க ரெண்டு மணிக்கே நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டுப் போறாங்க. ராத்திரி நமக்குப் புதுசா? என் பொண்ணு வேலைக்குப் போறா.'

அம்மா அதற்குப் பிறகு வேலையை விடச் சொல்லவில்லை.

'போகாதே' என்பதற்குப் பதிலாக

கேள்வி கேட்ட அம்மாவுக்கு நான் சொல்ல வருவது இதுதான். பட்டணத்து ராத்திரியில் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். ராத்திரித் தண்ணீர் பாய்ச்சப் போகிற வரப்பிலும் பாம்பு இருக்கிறது. அதற்காக நாம் பாய்ச்சாமல் இருப்பதில்லை. டார்ச் எடுத்துக்கொள்கிறோம், செருப்புப் போட்டுக்கொள்கிறோம், கம்பைத் தட்டிக்கொண்டு போகிறோம், வர நேரமானால் வீட்டிலிருந்து ஆள் தேடி வருகிறது. மகளுக்கும் அதே மாதிரி நாலு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலையில் சேரும் முன் கம்பெனியில் கேட்க வேண்டியது: ராத்திரி வீடுவரை வண்டி உண்டா, கடைசியாக இறங்குகிற பெண் தனியாக இருந்தால் காவலர் கூட வருவாரா? இரண்டும் உண்டு என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் கம்பெனியில் கொடுத்தார்கள்.

தங்கும் இடம் பெரிய தெருவிலிருந்து இரண்டு நிமிட நடைக்குள் இருக்கட்டும். வாடகை ஐநூறு கூடினாலும் பரவாயில்லை. முதல் முறை நீங்களே வந்து ஒரு ராத்திரி தங்குங்கள். பகலில் பார்த்துவிட்டுப் போவதில் பயன் இல்லை, தெரு ராத்திரியில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கூட இருக்கிற பெண்களின் எண்களும் அவர்கள் வீட்டு எண்களும் உங்கள் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கட்டும். எங்கள் நாலு வீட்டு அம்மாக்களும் இப்போது தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் தேனி வீட்டு வாழைக் கன்று எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தது.

எண்களை மனப்பாடமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி 181, ஆம்புலன்ஸ் 108, பணம் ஏமாந்தால் 1930. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியும் போனில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. நடந்ததைச் சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் வீட்டில் சொல்லாது. போன் திருடு போனதை, பைக்கில் பின்னால் வந்ததை, கதவு பூட்டிக்கொண்டதை மகள் சொல்கிறாள் என்றால், அது நல்லது. அப்போது 'அதுக்குத்தான் சொன்னேன்' என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்து என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

இந்த வருடம் அப்பா அரை ஏக்கர்தான் தர்பூசணி ஊன்றியிருக்கிறார், மீதியில் வெண்டை. எங்கள் தெருவில் ஐம்பது வீட்டுக்காரர்கள் இப்போதே பழம் கேட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை வைத்திருப்பது வீட்டுக்காரம்மா. என் அம்மா இன்னமும் தினம் ராத்திரி போன் செய்கிறார். 'எங்க இருக்க?' என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். 'கூட யாரு இருக்கா? போன்ல சார்ஜ் எவ்ளோ இருக்குது?' என்று கேட்கிறார்.